பெர்பெத்துவாவைப் பார்க்க வந்த பத்தொன்பது படகுகள்

தூத்துக்குடி நங்கூரத் தெருவில் இது நடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லலாம். எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று துருவிக் கேட்கிறவர்களுக்கு அந்தத் தெருவில் இன்றைக்கும் காபி கொடுப்பதில்லை.

ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைந்த உயரமும், அந்த உயரத்தை ஒளித்து ஒளித்தே முன்னால் வளைந்துபோன கழுத்தும் கொண்ட பெர்பெத்துவா மோத்தா, தபாலாபீசில் முப்பத்தொன்பது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கி, அறுபது முடிந்து ஓய்வுபெற்ற மறுநாள், தன் தம்பி கஸ்பாரின் பேக்கரிக்குப் போனாள். உள்ளே மக்ரூன் வெந்து இறங்கிக்கொண்டிருக்க, வெளியே பாதித் தெரு பன்னுக்காக நின்றுகொண்டிருக்க, எல்லோர் காதிலும் விழும்படி, "நான் ஒரு சின்னப் படகு வாங்கப் போறேன்டா" என்றாள். மீன் பிடிக்க இல்லை, சவாரி விட இல்லை, படுக்க ஒரு பலகை, காபி போட ஒரு அடுப்பு, காற்றுக்கு ஒரு பாய், வெயிலுக்கு ஒரு பந்தல், இவ்வளவும் உள்ள ஒரு படகு. கரையை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாமல், அலுத்தால் நிறுத்தி, பிடித்தால் தங்கி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்றாள்.

"மணப்பாட்டுக்கு எத்தனை லட்சம் லெட்டர் பிரிச்சிருப்பேன்? மணப்பாட்டைப் பாத்திருக்கேனா? குளச்சல், ஆறு ரெண்டு ஒம்பது, ரெண்டு அஞ்சு ஒண்ணு. கீழக்கரை, பாம்பன், கன்னியாகுமரி, எல்லாத்துக்கும் பின்கோடு தெரியும். ஊரு தெரியாது."

படகோட்ட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாறு வயதுவரை அப்பாவின் வள்ளத்தில் பாய் இழுத்தவள். ஆனாலும் கஸ்பாருக்கு மனசு ஒப்பவில்லை. அவன் ஐம்பத்தாறு வயதுக்காரன், பேக்கரி முதலாளி, பேரன் எடுத்தவன். அக்கா அடுத்த அறையில் இருமினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். "அக்கா, கொஞ்சம் யோசிச்சு..." என்று அவன் இழுப்பதற்குள் அவன் மனைவி சூசன்னாள் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டாள். "யோசிக்க என்ன இருக்கு? படகுன்னா எந்த மாதிரிப் படகு மதினி? சொல்லி வச்சாத்தானே வரும்" என்றாள்.

சொல்லி வைத்ததுபோலத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து தெரு வீடு திரும்பியபோது, கடற்கரையிலிருந்து தார்ச்சாலை நெடுக ஓர் ஈரக்கோடு ஓடிவந்து பெர்பெத்துவாவின் வாசலில் முடிந்தது. கோடு முடிந்த இடத்தில், ஆளும் இல்லாமல் முட்டுக்கட்டையும் இல்லாமல், நீல வண்ணம் அடித்த ஒரு பாய்மரப் படகு நிமிர்ந்து நின்றது. அதன் பாய்மரம் மின்கம்பியில் மாட்டாமலிருக்க ஒரு பக்கமாய்த் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுப் பெயின்ட்டும் புதுக் கயிறுமாக ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் வந்து கூச்சத்தோடு நிற்பது எதற்கு என்று நங்கூரத் தெருவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "ஐயையோ, வாழைக்காய் இல்லையே வீட்டுல" என்று சூசன்னாள் முக்காட்டை இறக்காமலே மார்க்கெட்டுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். ஏணி கொண்டுவந்து கம்பியைத் தூக்கிக் கட்டி, "இப்ப நல்லா நிமிந்து நில்லுங்க" என்று படகிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அரைமணி நேரத்தில் தரகர் சந்தியாகு குடையோடு வந்து சேர்ந்தார். எண்பத்திரண்டு வயது, இரண்டு காதும் மந்தம், ஆனால் தெருவில் ஒரு பெண் பார்க்கும் காரியம் நடந்தால் மூன்று தெரு தள்ளியிருந்தும் அவருக்குக் கேட்டுவிடும்.

சந்தியாகுவைப் பார்த்ததும் பெர்பெத்துவாவின் கழுத்து தானாக இன்னும் கொஞ்சம் வளைந்தது. அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய இருபது வயதிலிருந்து இருபத்தொன்பது வயதுவரை அவளைப் பதினெட்டுப் பேர் பெண் பார்க்க வந்தார்கள், பதினெட்டுப் பேரையும் கூட்டிவந்தவர் இந்தச் சந்தியாகுதான். பதினெட்டுப் பேரும் வாழைக்காய் பஜ்ஜி தின்றார்கள், மக்ரூனைப் புகழ்ந்தார்கள், காபித்தட்டோடு அவள் குனிந்து வந்தவரைக்கும் சிரித்த முகமாக இருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மாப்பிள்ளையின் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தாள், பெர்பெத்துவாவின் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தாள், எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்" என்றாள். பதினெட்டு அம்மாக்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தியும் போடவில்லை. இருபத்தோரு வயதில் தபாலாபீசு வேலை கிடைத்த நாளிலிருந்து, மூட்டையை அவிழ்த்ததும் அவள் கை முதலில் நங்கூரத் தெருக் கடிதங்களைத்தான் தேடும். கடைசியாக வந்த மாப்பிள்ளைக்குப் பேரன் பிறந்த செய்தி வந்த பிறகும் அந்தக் கை தேடுவதை நிறுத்தவில்லை.

"எல்லாப் பொருத்தமும் பாத்துத்தான் செய்யணும் தாயி" என்றார் சந்தியாகு, நீலப் படகைச் சுற்றி வந்து, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து. படகு பேசாது. ஆம் என்றால் முன்மூக்கு ஒரு சாண் தாழும், இல்லை என்றால் பாய்மரம் இரண்டு பக்கமும் ஆடும். இது ஐந்து நிமிடத்தில் தெருவுக்குப் பழகிவிட்டது. தளத்தில் தாம்பாளத்தை வைத்தார்கள்; யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து பஜ்ஜி குறைந்தது, காபியும் குறைந்தது. பெண்கள் வட்டமாக நின்று கேள்வி கேட்டார்கள்.

"மிதக்கிறதுக்கு எத்தனை அடி தண்ணி வேணும் உங்களுக்கு?"

படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, வயிற்றுக்கடியில் இருந்த ஆளுயர இரும்புக் கட்டையைக் காட்டியது. ஆறடித் தண்ணீர். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெர்பெத்துவா ஏணி வைத்து ஏறி, குனிந்து உள்ளே போய், மெதுவாக, நம்பாமல், நிமிர்ந்தாள். தலைக்கு மேல் இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. தன் சொந்த வீட்டிலேயே நிலைப்படிக்கெல்லாம் தலை தாழ்த்தி வாழ்ந்தவள், அந்த நீலப் படகின் நடுவில் கால்மணி நேரம் சும்மா நின்றாள். வெளியே வந்தபோது அவள் முகம் பதினெட்டு வயதுக்காரியின் முகமாக இருந்தது.

"இதையே முடிச்சிரலாம்கா" என்றான் கஸ்பார். ஆறடித் தண்ணீர் வேண்டிய படகு அடிக்கடி வீட்டுப் பக்கம்தான் நிற்கும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான்.

"முயல் தீவு ஓரம் எவ்வளவு தண்ணிடா?"

"முழங்கால்."

"வான் தீவு?"

கஸ்பார் தன் முழங்காலையே தட்டிக் காட்டினான். பெர்பெத்துவா பெருமூச்சு விட்டு இறங்கினாள். அப்போது சூசன்னாள், காலி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், எல்லா நல்ல குடும்பத்துப் பெண்களும் இந்த இடத்தில் சொல்வதைச் சொன்னாள்: "சரிங்க, யோசிச்சு லெட்டர் போடுதோம்." படகின் முன்மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது.

மறுநாள் இரண்டாவது வந்தது, அதற்கு மறுநாள் இரண்டு சேர்ந்து வந்தன, செய்தி கடலுக்குள் எப்படிப் பரவியதோ, அடுத்த பதினைந்து நாளில் நங்கூரத் தெருவில் பதினெட்டுப் படகுகள் வரிசைகட்டின. இரட்டை உடம்புப் படகு ஒன்று வந்தது. முழங்கால் தண்ணீரில் போகும், சாயாது, ஆடாது, வயிற்றுக்குள் நாலு அறை, ஆனால் தெருவின் இரண்டு பக்கத்துச் சாக்கடையிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு அது நின்ற நிலையைப் பார்த்து, "ஒத்தைப் பொம்பளைக்கு எதுக்குடி மாமியார், நாத்தனாரோட ஒரு வீடு" என்றார்கள் பெண்கள். குளிர்தேசத்தில் கட்டிய படகு ஒன்று, உள்ளே கணப்படுப்பும் கம்பளி மெத்தையும் உள்ளங்கை அளவு ஜன்னலுமாக, கல்யாண வீட்டுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவனைப்போல வியர்த்து ஊற்ற நின்றது. சூசன்னாள் மனசு கேட்காமல் அதற்கு ஒரு டேபிள் ஃபேன் வைத்தாள். தேக்கில் செய்த அழகன் ஒருவன் வந்தான், தெருவே சொக்கிப்போனது, ஆனால் நம் கடலின் சூட்டில் மரத்தைத் துளைக்கிற புழு ஆறு மாதத்தில் என்ன செய்யும் என்று ஒரு வள்ளக்காரர் சொன்னதும் அழகனின் வண்ணமே வெளுத்துவிட்டது. பாயே இல்லாமல் இரண்டு பெரிய எஞ்சினும் ஏசியுமாக வந்த வெள்ளைப் படகிடம் சந்தியாகு நேராகவே கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீரு?" அது எஞ்சினைச் சேலைத்தலைப்பில் மறைக்கிறவள்போலக் கித்தானை இழுத்து மூடிக்கொண்டது.

ஒவ்வொரு படகிலும் பெர்பெத்துவா ஏறினாள், படுத்துப் பார்த்தாள், அடுப்பு மூட்டிப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், நங்கூரத்தைத் தன் ஒற்றைக் கையால் தூக்க முடிகிறதா என்று பார்த்தாள். நாள் ஆக ஆக அவளுக்குத் தேவையானது எது என்று அவளுக்கே தெளிந்துகொண்டு வந்தது: பெரிதாக வேண்டாம், தனியாளாக இழுத்துக் கட்டும் அளவு பாய் போதும், வெயில் ஊரில் உள்ளே கொஞ்சமும் வெளியே நிறையவும் இடம் வேண்டும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், மணலில் வயிறு வைத்துப் படுக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படகையும் விட்டு அவள் இறங்கியதும், தெருவில் யாராவது ஒருவர் மரியாதைக்கு, "லெட்டர் போடுதோம்" என்றார்கள். ஒவ்வொரு படகும் மூக்கைத் தாழ்த்தி, நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றது.

முதல் வாரம் யாருக்கும் அது உறைக்கவில்லை. தெருவுக்குப் புதுப் படகுகள் ஒரு கொண்டாட்டமாக இருந்தன. பாய்மரக் கயிறுகளில் துணி காயப்போட்டார்கள், ஒரே வெயிலில் மூன்று தடவை காய்ந்தது. காய்கறிக்காரி தெருவில் இறங்காமல் தளத்துக்குத் தளம் தாண்டி, கூடையோடு தெருக்கோடிவரை போனாள். டியூசன் டீச்சர் இரட்டை உடம்புப் படகில் வகுப்பு வைத்தாள், ஒரு பக்கம் ஆறாம் வகுப்பு, மறுபக்கம் ஏழாம் வகுப்பு. பொதுச்சுவர்த் தகராறில் பன்னிரண்டு வருடம் பேசாத இரண்டு சகோதரர்கள், அவரவர் மாடியிலிருந்து தேக்குப் படகின் தளத்தில் இறங்கி, நடுவில் சந்தித்து, வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் லேசாகத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது, நடக்கும்போது கால்கள் அகன்று அகன்று விழுந்தன, கல்யாண வீட்டுச் சிரிப்பு காரணமில்லாமல் வந்து வந்து போனது.

இரண்டாவது வாரம் தண்ணீர் லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நகராட்சிக்காரர்கள் வந்து ஒவ்வொரு படகிலும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, அந்தப் படகிலேயே உட்கார்ந்து மக்ரூன் தின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஞாயிறு பூசையில் பங்குச்சாமி தொண்டையைச் செருமினார். வருகிற சனிக்கிழமை அலைகாத்த மாதாவின் திருவிழா, சப்பரம் நங்கூரத் தெரு வழியாகத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும், மாதாவைப் படகு மேல் ஏற்றி இறக்கிக் கொண்டுபோக முடியாது என்றார். திங்கட்கிழமை கிரேன் வந்தது. நீலப் படகுக்கு வார் கட்டித் தூக்கினார்கள்; வார் அறுந்தது. இரும்புச் சங்கிலி கட்டினார்கள். கிரேனின் பின்சக்கரம் மேலே வந்ததே தவிர படகு ஒரு நூல் எழும்பவில்லை. "தண்ணி கிண்ணி ரொம்பி இருக்கா?" என்று டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். காலியாக இருந்தது.

பெர்பெத்துவா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படகுகளின் மூக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. மணி பத்தேகால். தெருமுனையில் தபால்காரர் முருகவேலின் சைக்கிள் மணி கேட்டது. பதினெட்டு மூக்குகளும் ஒரு விரற்கடை நிமிர்ந்தன. முருகவேல் ஒரு வீட்டில் மின்கட்டண ரசீதும் இன்னொரு வீட்டில் கல்யாணப் பத்திரிகையும் கொடுத்துவிட்டு, படகுகளுக்கு நடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு, மறுமுனை வழியாகப் போய்விட்டார். பதினெட்டு மூக்குகளும் மெதுவாகத் தாழ்ந்தன.

அந்தத் தாழ்தலை உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"யாரு இதுககிட்ட லெட்டர் போடுதோம்னு சொன்னது?"

அவள் அப்படிச் சத்தம் போட்டுத் தெரு கேட்டதே இல்லை. சூசன்னாள் தயங்கி, "நான்தான் மதினி, நீலத்துக்கிட்ட" என்றாள். "நானும் ஒண்ணு ரெண்டுகிட்ட" என்றார் லைன்மேன். டியூசன் டீச்சர் கை தூக்கினாள். ஒவ்வொருவராகத் தெருவே கை தூக்கியது.

"சும்மா மரியாதைக்குச் சொல்றதுதானே தாயி" என்றார் சந்தியாகு.

"மரியாதைக்கா?" என்றாள் பெர்பெத்துவா. "பதினெட்டு வீட்டுக்காரங்க என்கிட்ட மரியாதைக்குச் சொன்னாங்க. முப்பத்தொம்பது வருஷம் நான் மூட்டைய அவுத்துப் பாத்திருக்கேன். வேண்டாம்னு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா ஒரு ராத்திரி அழுதுட்டு மறுநாள் என் சோலியைப் பாத்திருக்க மாட்டேனா? பிடிக்கலைன்னு சொல்றதுல என்ன மரியாதை கெட்டுப்போச்சு உங்களுக்கெல்லாம்?"

சந்தியாகு குடையை மடக்கிவிட்டு வெயிலிலேயே நின்றார். கிரேன் டிரைவர்கூட எஞ்சினை அணைத்துவிட்டான். கஸ்பார் போய்ப் பதினெட்டு இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்தான்.

அன்றைக்கும் மறுநாளும் அவள் எழுதினாள். எப்போதும் கடிதம் பிரித்தவள், எழுதிப் பழகாதவள், நாக்கை ஓரமாய்க் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு படகையும் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கூப்பிட்டு நேரில் சொல்லிவிடலாமே என்று சூசன்னாள் கேட்டதற்கு, "லெட்டர்னுதான் சொன்னீங்க, லெட்டர்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு, பதினெட்டையும் முகவரி எழுதி, தெருமுனைப் பெட்டியில் முறையாகப் போட்டாள். வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு முருகவேல் வந்தார். பையிலிருந்து முதல் கடிதத்தை எடுத்து, "நீலப் படகு, கதவு எண் பதினாலு முன்பாக, நங்கூரத் தெரு" என்று உரக்கப் படித்தார். படகு கையெழுத்துப் படிக்காது என்பதால் மீதியையும் அவரே படித்தார்.

"அன்புள்ள நீலப் படகுக்கு, உங்களுக்குள் நான் நிமிர்ந்து நின்றேன். அதை மறக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு ஆறடித் தண்ணீர் வேண்டும், நான் போக நினைக்கிற இடமெல்லாம் முழங்கால் தண்ணீர். என்னோடு வந்தால் பவளப்பாறைக்கு வெளியிலேயே நின்று ஏங்கிப்போவீர்கள். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆழத்துக்குப் போங்கள். இப்படிக்கு, பெ. மோத்தா."

நீலப் படகு மூக்கை ஒரு சாண் தாழ்த்தி, நிமிர்ந்து, கடற்கரையைப் பார்த்துத் திரும்பியது. கிரேனுக்கு அசையாதது, காகிதம்போல இலேசாக, தார்ச்சாலையில் ஈரக்கோடு போட்டுக்கொண்டு வழுக்கிப் போனது. தெரு ஓவென்று கத்தியது. முருகவேலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது, அடுத்தடுத்துப் படித்தார். ஏசிப் படகுக்கு, "உங்கள் அறையில் சுகமாகத் தூக்கம் வந்தது, ஆனால் தூங்கவா நான் கிளம்புகிறேன்?" குளிர்தேசத்துப் படகுக்கு, "பனி விழுகிற ஊரில் உங்களைவிட நல்லவர் கிடையாது, இங்கே உங்களை வாட்டி எடுப்பது பாவம், ஃபேனை எடுத்துக்கொண்டு போங்கள்." இரட்டை உடம்புப் படகுக்கு, "பெரிய குடும்பமாகப் பாருங்கள், உங்கள் நடு இடத்தில் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும்." சந்தியாகு வெறுங்கையோடு யாரையும் அனுப்பக் கூடாதென்று, ஒவ்வொரு படகின் காதோரமும், அல்லது காது இருக்க வேண்டிய இடத்தோரமும், வேறொரு நல்ல வரனின் விலாசத்தைச் சொல்லி அனுப்பினார். காய்கிற துணிகளோடேயே இரண்டு படகுகள் போய்விட்டன, யாரும் கவலைப்படவில்லை. வெள்ளி மத்தியானம் கடைசியாகத் தேக்கு அழகனும் போனபோது, நங்கூரத் தெரு பளிச்சென்று காலியாகக் கிடந்தது.

பெர்பெத்துவா காலியான தெருவைப் பார்த்தாள். மனசு இலேசாகவும் இருந்தது, யாரோ வந்து போன வீடுபோலவும் இருந்தது. "போகட்டும்கா, இங்கயே இரு" என்றான் கஸ்பார். அவன் கண்ணில் தெரிந்த சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அவள் தலையாட்டினாள்.

நாலு மணிக்குப் பத்தொன்பதாவது வந்தது.

சின்னது. இருபத்திரண்டு அடிதான் இருக்கும். வண்ணம்கூடப் புதிது இல்லை, ஆனால் கழுவித் துடைத்திருந்தது. அடிவயிறு தட்டை, நடுவில் ஒரு பலகை, ஆழம் உள்ள இடத்தில் கீழே இறங்கும், ஆழம் குறைந்தால் உள்ளே ஏறிக்கொள்ளும், ஒன்றரை அடித் தண்ணீர் இருந்தால் அதற்குச் சொர்க்கம். பின்னால் ஒரு சின்ன எஞ்சின். ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கும் பாய். வெளியே நாலு பேர் காலை நீட்டி உட்காரும் இடம், அதன் மேல் வெள்ளைக் கித்தான் பந்தல், உள்ளே ஒரு பலகைப் படுக்கை, ஓர் அடுப்பு, இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல். சந்தியாகு சுற்றி வந்தார், தட்டினார், குனிந்து பார்த்தார், முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"தாயி, எல்லாப் பொருத்தமும் இருக்கு. உயரப் பொருத்தம் மட்டுந்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது; முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்பு பதினெட்டுத் தடவை வந்த அதே வார்த்தை. அறையின் கூரை பெர்பெத்துவாவின் நெஞ்சு மட்டத்துக்குத்தான் இருந்தது. உள்ளே போனால் மடங்கித்தான் உட்கார வேண்டும்.

அவள் ஏறவில்லை. பதினெட்டுப் படகை அவள் வேண்டாம் என்றபோது அவளுக்குப் பயமாக இல்லை. இது அவளுக்குப் பிடித்துவிட்டது, அதனால் பயமாக இருந்தது. இந்தப் படகு தன்னைப் பார்த்து, தன் உச்சந்தலையைப் பார்த்து, மரியாதையாகக் கடலுக்குத் திரும்பிவிட்டால் அறுபது வயதில் அதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. காபித் தாம்பாளத்தைத் தளத்தில் வைத்துவிட்டு, படகைப் பார்க்காமல், "நீங்க யோசிச்சு லெட்டர் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு முருகவேல் வந்தார். அவளுக்குக் கடிதம் இல்லை. படகுக்கும் இல்லை. வாசலுக்குள் அவளும் வாசலுக்கு வெளியே படகும் அவரையே பார்த்தார்கள். அவர் கையை விரித்துவிட்டுப் போனார். மத்தியானம் ஆனது. கோயிலில் பேண்டு வாத்தியம் தொடங்கியது. சப்பரத்துக்குப் பூ வைத்தாயிற்று, நாலரைக்கு மாதா கிளம்பிவிடுவாள் என்று ஆள் வந்து சொல்லிப் போனது. படகு தெரு நடுவில் நின்றுகொண்டே இருந்தது. கஸ்பார்தான் பொறுக்கமாட்டாமல் கதவைத் தட்டினான்.

"அக்கா, அது போகலை."

"தெரியுது."

"நேத்து வச்ச காபி அப்படியே இருக்கு. தொடலை." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீ போகக் கூடாதுன்னுதான்கா எனக்கு ஆசை. நீ இல்லாத வீட்டுல எனக்குத் தூக்கம் வராது, உண்மையைச் சொல்லுதேன். ஆனா அது காத்துக்கிட்டு நிக்கிறதை என்னால பாக்க முடியலை. உன்னை நான் அப்படிப் பாத்திருக்கேன்."

பெர்பெத்துவா அடுப்பில் புதுக் காபி போட்டு, பதினெட்டுத் தடவை தூக்கிய அதே தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. தெருமுனையில் சப்பரத்தின் மெழுகுவர்த்திகள் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் படகில் ஏறி, பழகிய கழுத்தை வளைத்து, பழகிய முதுகை மடக்கி, காபித்தட்டோடு குனிந்து, அந்தச் சின்ன அறைக்குள் காலை வைத்தாள்.

டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெரியவர்களைக் கண்டால் தொப்பியைத் தூக்குகிற மனிதரைப்போல, படகு தன் கூரையை நாலு மூலையிலும் நாலு கம்பியில் மேலே தூக்கியது. முதலில் ஒரு சாண். அவள் குனிந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஒரு சாண் தூக்கியது. அவள் தோளை விரித்தாள். இன்னும் கொஞ்சம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் கடல்காற்று நுழைந்தது. தெருவில் நின்றவர்களுக்கு முதலில் அவள் கொண்டை தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண், பிறகு கழுத்து. அந்தக் கழுத்து நேராக இருந்தது. கூரை நிற்கிற மட்டும் நின்றது. அவள் தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது.

"பொருத்தம்!" என்று சந்தியாகு கூவினார். குடையை வீசி எறிந்தார், அது லைன்மேன் தலையில் விழுந்தது. பேண்டுக்காரர்கள் மாதா பாட்டை விட்டுவிட்டுக் கல்யாணப் பாட்டுக்குத் தாவினார்கள், பங்குச்சாமி கையை ஓங்கினார், பிறகு அந்தக் கையாலேயே தாளம் போட்டார். பெர்பெத்துவா சிரித்துக்கொண்டே அழுதாள், காபியில் பாதி படகின் மேல் சிந்தியது, மீதியைப் படகு குடித்தது.

சப்பரம் நெருங்கிவிட்டதால் அதிகம் பேச நேரம் இல்லை. சூசன்னாள் ஒரு டப்பா மக்ரூனையும் அரிசி மூட்டையையும் ஏற்றினாள். கஸ்பார் ஒரு குடம் தண்ணீரை ஏற்றிவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தான். முன்னால் படகு, பின்னால் மாதா, நடுவில் பேண்டு. ஊர்வலம் தார்ச்சாலையில் ஈரக்கோடு போட்டுக்கொண்டு கடற்கரைவரை வந்தது. முழங்கால் தண்ணீரில் படகு மிதந்தது. கஸ்பார் கையை எடுக்கவில்லை. இடுப்புத் தண்ணீரில் பாய் விரிந்தது. நெஞ்சுத் தண்ணீரில் அவன் கையை எடுத்தான்.

"அக்கா!" என்று கத்தினான். "எப்பக்கா வருவ?"

கூரைக்குக் கீழே நிமிர்ந்து நின்றபடி, கரை முழுவதற்கும் கேட்கும்படி பெர்பெத்துவா சொன்னாள்:

"ஊருக்குப் போய் லெட்டர் போடுதேன்!"

எட்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு, மணப்பாட்டு முத்திரையோடு, அது வந்தது.